பேராசிரியர் ஏற்றுக்கொண்ட கால் ஏக்கர்

பேராசிரியர் விஜிதரன் அமெரிக்காவில் அமெரிக்கர்களுக்கு அமெரிக்காவைப் பற்றிப் படிப்பிப்பவர். இனம், அடையாளம், சிறப்புரிமை ஆகியவை அவருடைய துறைகள். மூன்று புத்தகங்கள் எழுதியிருந்தார். இரண்டாவது புத்தகம் ஒரு லிஃப்டில் தொடங்குகிறது. வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் அவரைக் கணினி திருத்த வந்தவர் என்று நினைத்துத் தன் அறை எண்ணைச் சொன்னார். அந்த அத்தியாயம் இருபத்தெட்டுப் பக்கம்.

நான்காவது புத்தகத்துக்காக அவர் ஓகஸ்ட் மாதத்தில் உருத்திரபுரத்துக்கு வந்தார். ஊரை விட்டுப் போய் முப்பத்தெட்டு வருடம். வன்னியில் மலையகத் தமிழர் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பது ஆய்வு. தமிழருக்குள்ளும் ஒரு கறுப்பு, வெள்ளை இருக்கிறது என்பது அவருடைய கருதுகோள். அதை நிறுவ அவருக்கு நாலு கிழமை இருந்தது.

சின்னம்மா பத்மாசனியின் வீட்டில் தங்கினார். அந்த வீடும் மூன்று ஏக்கர் வயலும் ஒரு ஏக்கர் மேட்டுக்காணியும் விஜிதரனின் தகப்பன் பரமலிங்கத்துக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்தவை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்குக் காடு வெட்டிக் குடியிருக்க அரசாங்கம் கொடுத்தது. காட்டை வெட்டியவர்கள் வேறு ஆட்கள். பரமலிங்கம் இறந்து பதினொரு வருடம். பெர்மிட் இன்னும் அவர் பெயரில்தான் இருந்தது. வாரிசு விஜிதரன். வயலைச் செய்விப்பவர் சின்னம்மா.

மேட்டுக்காணியின் தெற்கு மூலையில், கால் ஏக்கரில், ஒரு தகரக் கொட்டில். இரஞ்சிதம் அதில் இருந்தார். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டுத் தகப்பனோடு லொறியில் வந்திறங்கியவர். அப்போது பன்னிரண்டு வயது. பரமலிங்கம் அந்த மூலையைக் காட்டி, "இதில இருந்துகொண்டு காணியைப் பாருங்கோ" என்றார். அவர்கள் பார்த்தார்கள். போர் எல்லோரையும் கிளப்பியபோது போனார்கள். முடிந்ததும் அதே மூலைக்குத் திரும்பினார்கள். இரஞ்சிதத்தின் கணவன் செல்வராசா மட்டும் திரும்பவில்லை.

இரஞ்சிதத்துக்கு வேண்டியது ஒரு கல்வீடு. வீட்டுத்திட்டம் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் அவர் பெயர் பட்டியலில் ஏறியது. காணிக்குப் பத்திரம் இல்லை என்று மூன்று முறையும் இறங்கியது. இப்போது நாலாவது முறை. அடுத்த புதன்கிழமை உருத்திரபுரத்தில் காணிக் கச்சேரி. அதிகாரிகள் ஊருக்கே வந்து காணிப் பிணக்குகளைக் கேட்டு முடிக்கிற நாள். பெர்மிட்காரரின் வாரிசு தனக்கு மறுப்பில்லை என்று ஒரு கடிதம் தந்தால் கால் ஏக்கரைப் பிரித்து எழுதலாம் என்று கிராம சேவையாளர் சொல்லியிருந்தார்.

வாரிசு இவ்வளவு காலமும் அமெரிக்காவில் இருந்தார். இப்போது இருநூறு யார் தள்ளி, சின்னம்மாவின் விறாந்தையில் இருந்தார்.

சனிக்கிழமை காலை பேராசிரியர் ஒலிப்பதிவுக் கருவியோடு கொட்டிலுக்குப் போனார். இரஞ்சிதம் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சின்னையா."

"அப்பிடிக் கூப்பிடாதேங்கோ. விஜி எண்டு சொல்லுங்கோ."

"சரிங்க, விஜி ஐயா."

ஒரு கதிரைதான் இருந்தது. அதில் பேராசிரியர் இரஞ்சிதத்தை இருக்கச் சொன்னார். தான் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார். அதிகாரப் படிநிலையைக் குலைப்பதற்கு அது ஒரு வழி. நிலத்தில் எறும்பு இருந்தது. ஐந்து நிமிடத்தில் எழும்பினார். இரஞ்சிதமும் எழும்பினார். பேராசிரியர் கதிரையில் இருந்தார்.

"சின்னனில நாங்கள் ஒண்டா விளையாடினனாங்கள். ஞாபகம் இருக்கோ?"

"இருக்குங்க. நீங்க வரம்புல குடை புடிச்சிக்கிட்டு இருப்பீங்க. நான் வயலுக்குள்ள கிளி கலைப்பேன்."

பேராசிரியர் அதைக் குறித்துக்கொண்டார். 'உடல் உழைப்பும் விளையாட்டும்' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

"சிறப்புரிமை எண்டா விளங்குமோ உங்களுக்கு?"

"தெரியாதுங்க."

"உழைக்காமல் ஒருத்தருக்குத் தானாக் கிடைக்கிறது. பிறப்பால, நிறத்தால, ஊரால."

"எங்களுக்கு உழைச்சும் கிடைக்கல்ல. அதுக்கும் ஒரு பேர் இருக்குமே ஐயா?"

பேராசிரியரின் கண் கலங்கியது. கருவியின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"நீங்கள் என்னோட ஒரு மாதிரிக் கதைக்கிறியள். சின்னம்மாவோட வேற மாதிரி. உங்கட சொந்தத் தமிழில கதையுங்கோ. வெக்கப்படாதேங்கோ."

இரஞ்சிதம் யோசித்தார். "சந்தைக்குப் போனா உங்க மாதிரிப் பேசுவேன். இல்லாட்டி தோட்டக்காட்டாள் வந்திருக்கான்னு வெலையைக் கூட்டிருவாங்க. தங்கச்சி வீட்டுக்கு மலைக்குப் போனா, யாழ்ப்பாணத்தா வந்திட்டான்னு சிரிப்பாங்க. மாட்டோட பேசுறதுதான் சொந்தம்."

"மாட்டோட எப்பிடிக் கதைப்பியள்?"

"மாடு பதில் சொல்லாதுங்களே. அதனால எனக்கே தெரியல்ல."

மகள் சிவதர்சினி உள்ளே இருந்து ஒரு தாளோடு வந்தாள். பரந்தன் சந்தியில் ஒரு கொம்யூனிக்கேசனில் வேலை. கச்சேரிக்குப் போகிற சனத்துக்கு விண்ணப்பம் தட்டச்சு செய்து, போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுப்பவள். தாளில் ஐந்து வரி இருந்தது.

"சேர், இதில ஒரு கையெழுத்து வேணும். புதன்கிழமை குடுக்கோணும்."

பேராசிரியர் வாசித்தார். வாசித்து முடித்தும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை நான் இப்ப செய்யேலாது," என்றார். "உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன். ஆய்வில பங்குபற்றுற ஒருவருக்கு நான் ஒரு பலனைக் குடுத்தா, அவர் சொல்லுறது சுதந்திரமாச் சொன்னதா இராது. பல்கலைக்கழகத்தில ஆய்வு நெறிக் குழு எண்டு ஒண்டு இருக்கு."

"அப்ப நான் ஒண்ணும் சொல்லல்லைங்க," என்றார் இரஞ்சிதம். "சொன்னதையும் அழிச்சிடுங்க. கையெழுத்தை மட்டும் போடுங்க."

"ஐயோ, உங்கட குரல் இல்லாட்டி இந்தப் புத்தகமே இல்லை."

"புத்தகம் எப்ப ஐயா முடியும்?"

"அடுத்த வருசக் கடைசியில."

"கச்சேரி புதன்கிழமைங்க."

பேராசிரியர் அதையும் பதிவு செய்துகொண்டு போனார்.

திங்கட்கிழமை பின்னேரம் பொதுநோக்கு மண்டப வளவில் ஒரு பயிற்சி வைத்தார். அமெரிக்காவில் முதலாம் வருட மாணவர்களுக்கு அவர் வைக்கிற பயிற்சி. எல்லோரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அவர் ஒவ்வொரு வசதியாகச் சொல்வார். அது இருப்பவர் ஓர் அடி முன்னுக்கு வைக்க வேண்டும். இல்லாதவர் ஓர் அடி பின்னுக்கு. முடிவில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தால் சமூகம் தெரியும். அங்கே சில மாணவர்கள் அழுவார்கள்.

நாற்பது பேர் வந்தார்கள். ஏதோ கொடுக்கிறார்களாம் என்று கேள்விப்பட்டுத் தர்மபுரத்திலிருந்தும் நாலு பேர் பஸ்ஸில் வந்திருந்தார்கள். பத்மாசனியும் வந்தார். வளவின் பின்பக்கத்தில் வாய்க்கால்.

"சொந்தச் சைக்கிள் இருக்கிறவை ஒரு அடி முன்னுக்கு வாங்கோ."

ஒருவரும் வரவில்லை. வேலியில் பதினாறு சைக்கிள்கள் சாய்ந்து நின்றன.

"இல்லாதவை பின்னுக்குப் போங்கோ."

நாற்பது பேரும் பின்னுக்குப் போனார்கள்.

"ரி.வி. இருக்கிறவை?"

பின்னுக்கு.

"வெளிநாட்டில சொந்தக்காரர் இருக்கிறவை?"

பத்மாசனியும் பின்னுக்குப் போனார்.

"சின்னம்மா, நான் இருக்கிறன்தானே?"

"நீ கதையாதை," என்றார் பத்மாசனி.

பேராசிரியருக்கு விளங்கவில்லை. ஊருக்கு நன்றாக விளங்கியிருந்தது. போர் முடிந்ததிலிருந்து எத்தனையோ நிறுவனங்கள் கேள்வித்தாளோடு வந்து போய்விட்டன. மலசலகூடம் இருக்கா, கோழி இருக்கா, கிணறு இருக்கா என்று கேட்டார்கள். இருக்கு என்று சொன்னவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இல்லை என்றவர்களுக்குக் கோழி வந்தது. பதினாலு வருடத்தில் இந்த மாவட்டத்தில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும்.

"அண்ணை, எத்தினை குடும்பத்துக்குக் குடுக்கிறியள்?" என்று ஒருவர் பின்னாலிருந்து கேட்டார்.

"நான் ஒண்டும் குடுக்கேல்லை. இது உங்களை நீங்களே அறியிறதுக்கு."

"அது அறிஞ்சுதான் இருக்கிறம். எத்தினை குடும்பம்?"

"போரில ஆரையாவது இழந்தவை," என்றார் பேராசிரியர், "ஒரு அடி பின்னுக்கு."

எல்லோரும் பின்னுக்கு வைத்தார்கள். இந்த முறை ஒருவரும் பக்கத்து ஆளைப் பார்க்கவில்லை. பத்மாசனி இரண்டு அடி வைத்தார். இரஞ்சிதம் ஒன்று. பேராசிரியர் கையில் இருந்த அடுத்த கேள்வியைப் பார்த்தார். மட்டை போட்ட புத்தகம் வீட்டில் இருந்ததா என்பது அது. அதை விட்டார்.

அதற்கடுத்த இரண்டு கேள்விகளில் பின்வரிசை வாய்க்கால் கரைக்குப் போய்விட்டது. தர்மபுரத்து மனுசர் ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நின்றார். பட்டியலில் முதலாவதாக வருவதற்கு அவருக்கு அது போதும் என்று பட்டது.

கோட்டில் பேராசிரியர் மட்டும் நின்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்மாசனி அவருக்கு இடியப்பமும் சொதியும் வைத்துவிட்டு முன்னால் இருந்தார்.

"அவள் கடிதம் கேட்டவளாம்."

"ஓம்."

"போட்டியோ?"

"இல்லை. ஆய்வு நெறி —"

"அந்த நெறி நல்லது. அதையே பிடிச்சுக்கொண்டிரு." சொதி விட்டார். "விஜி, எனக்கு அவையோட ஒரு கோவமுமில்லை. நல்லது கெட்டதுக்கு நான்தான் போறனான். ஆனா காணி எண்டது வேற. இண்டைக்குக் கால் ஏக்கர். நாளைக்குப் பேரன் வந்து நிப்பான். அவை ஆர், நாங்கள் ஆர்?"

"இதுதான் சின்னம்மா சிறப்புரிமை எண்டு சொல்லுறது."

"என்னவோ ஒண்டு. கையெழுத்தைப் போடாதை."

பேராசிரியர் நாள் முழுக்கச் சங்கடப்பட்டார். கடிதம் கொடுத்தால் சின்னம்மாவின் கோபம். கொடுக்காவிட்டால் இரஞ்சிதத்தின் குரல் இல்லாத அத்தியாயம். மத்தியானம் ஒரு வழி தோன்றியது.

அவருடைய பல்கலைக்கழகத்தில் எந்தக் கூட்டமும் நில ஒப்புகையோடுதான் தொடங்கும். இந்தக் கட்டடம் நிற்கிற நிலம் இன்ன பழங்குடி மக்களுடையது, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது, அதை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒருவர் எழும்பி வாசிப்பார். பிறகு கோப்பி வரும். அந்த வாசகத்தை எழுதிய குழுவின் தலைவர் விஜிதரன்தான். ஒன்பது வருடமாக வாசிக்கிறார்கள். ஒருவரும் வந்து நிலத்தைக் கேட்டதில்லை.

கடிதம் ஒரு பலன். ஒப்புகை வெறும் உண்மை. ஆய்வு நெறி உண்மைக்குத் தடை சொல்லாது.

"சின்னம்மா, நான் அவைக்கு ஒண்டும் எழுதிக் குடுக்கேல்லை. அவை இங்க பட்ட பாட்டை ஏற்றுக்கொண்டு ஒரு சின்ன வாசிப்பு. அவ்வளவுதான்."

"கதைதானே?"

"ஓம், கதைதான்."

"கதைச்சிட்டு வா. நாலு மணிக்குத் தேத்தண்ணி."

பேராசிரியர் லப்டொப்பை எடுத்தார். நன்றாக வந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர் பதித்த தாளில் இருக்கட்டும் என்று நினைத்தார். அப்படியே பரந்தன் கொம்யூனிக்கேசனுக்கு மின்னஞ்சல் செய்தார். சிவதர்சினி அதை அச்செடுத்தாள். நின்றபடி வாசித்தாள். மற்றொருமுறை கதிரையில் இருந்து வாசித்தாள். வசனத்தில் ஒன்றையும் மாற்றவில்லை. அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடும், திகதிக்கு ஒன்றும், கடவுச்சீட்டு இலக்கத்துக்கு ஒன்றும், சாட்சிகளுக்கு இரண்டும் போட்டாள். மூன்று பிரதி எடுத்தாள். பிறகு கிராம சேவையாளருக்குப் போன் எடுத்தாள்.

மூன்று மணிக்குக் கொட்டிலுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். கிராம சேவையாளரும் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். இவ்வளவு பேர் வருவார்கள் என்று பேராசிரியர் எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"பரமலிங்கத்தின் மகனும் வாரிசுமாகிய நான் ஏற்றுக்கொள்கிறேன். இந்தக் கால் ஏக்கரில் 1977 ஆம் ஆண்டு முதல் வாழ்ந்து, உழைத்து, காட்டைக் காணியாக்கியவர்கள் இரஞ்சிதமும் அவர் குடும்பத்தினரும் ஆவர். அவர்களின் உழைப்பின் பயனை என் குடும்பம் நியாயமின்றி அனுபவித்தது. தாளில் யார் பெயர் இருந்தாலும் இந்த மண் அவர்களுடையது. இதை எந்த வற்புறுத்தலும் இன்றி, முழு மனதோடு சொல்கிறேன்."

கடைசி வரியில் குரல் தழுதழுத்தது. அது அவருக்குப் பழக்கமான இடம்.

ஒருவரும் கை தட்டவில்லை. இரஞ்சிதம் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தார்.

"இதில ஒரு கையெழுத்து, சேர்," என்றாள் சிவதர்சினி. "ஞாபகத்துக்கு."

பேராசிரியர் நெகிழ்ந்துபோனார். மூன்று பிரதியிலும் போட்டார்.

"திகதி. கடவுச்சீட்டு நம்பர்."

இவர்கள் ஒரு சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அதையும் எழுதினார். கிராம சேவையாளர் சாட்சியாகக் கையெழுத்து வைத்து, சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். அமெரிக்காவில் ஒப்புகைக்கு இப்படி யாரும் முத்திரை குத்தியதில்லை. பேராசிரியர் அதைப் படம் எடுத்தார். தேத்தண்ணிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்.

புதன்கிழமை காணிக் கச்சேரி அதே பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. காணி உத்தியோகத்தர் நாகேஸ்வரி மேசையில் இருந்தார். கோவைகளுக்கு மேல் ஒரு தண்ணீர்ப் போத்தல் நின்றது. பேராசிரியர் அரச அதிகாரம் குடிமக்களைச் சந்திக்கும் தருணத்தை அவதானிக்க வந்திருந்தார். பத்மாசனி பெர்மிட்டை ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்து முன்வரிசையில் இருந்தார்.

பெயர் கூப்பிட்டார்கள். இரஞ்சிதமும் சிவதர்சினியும் எழும்பிப் போனார்கள். பத்மாசனியும் போனார்.

"வாரிசின்ர கடிதம் இருக்கோ?" என்று நாகேஸ்வரி கேட்டார்.

"கடிதம் ஒண்டும் இல்லை, மிஸ்," என்றார் பத்மாசனி. "அவர் குடுக்கேல்லை."

சிவதர்சினி தாளை நீட்டினாள். நாகேஸ்வரி வாசித்தார். தலைப்பில் இருந்த பல்கலைக்கழகச் சின்னத்தைப் பார்த்தார். அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசித்தார்.

"நாங்கள் மறுப்பில்லை எண்டு மட்டும்தான் கேட்டனாங்கள்," என்றார். "இதில அதுக்கு மேலால எல்லாம் இருக்கு. இந்த விஜிதரன் எண்டவர் வந்திருக்கிறாரோ?"

பேராசிரியர் மண்டபத்தின் பின்பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். எழும்பினார்.

"இது உங்கட கையெழுத்தோ?"

"ஓம். ஆனா அது கடிதம் இல்லை."

"அப்ப என்ன?"

"அது ஒரு குறியீட்டுச் செயல். ஒரு ஒப்புகை. அமெரிக்காவில ஒரு மரபு."

"1977 எண்டதும் குறியீடோ?"

"இல்லை. அது உண்மை."

"கட்டாயப்படுத்தி எழுதுவிச்சவையோ?"

"இல்லை."

பத்மாசனி மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். "மிஸ், அது சும்மா கதை. அவன் அங்கயும் உப்பிடித்தான் சொல்லுறவன். காணி எல்லாம் அந்தக் காட்டுச் சனத்தின்ர எண்டு கூட்டத்துக்குக் கூட்டம் வாசிக்கிறவையாம். ஒருத்தரும் ஒரு அங்குலம் குடுக்கேல்லை. நீங்கள் வேணுமெண்டா அவனைக் கேளுங்கோ."

மண்டபம் சிரித்தது. திங்கட்கிழமை வாய்க்காலுக்குள் நின்றவர் எல்லோருக்கும் பிந்தி விளங்கி, எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார்.

"ஏன் மச்சான், அங்க சொல்லுறதும் பொய்யோ?" என்று ஒரு குரல் கேட்டது.

பேராசிரியரின் காது சிவந்தது. முப்பது வருடமாக அவர் மற்றவர்களைக் கேட்ட கேள்வி அது. அதை அவரிடம் கேட்க ஒருவரும் இருக்கவில்லை. இங்கே நாற்பது பேர் இருந்தார்கள். எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். சின்னம்மாவின் முகம் அவருக்குத் தெரிந்தது. இரஞ்சிதத்தின் முதுகு தெரிந்தது. இரஞ்சிதம் திரும்பிப் பார்க்கவில்லை.

"சேர்," என்றார் நாகேஸ்வரி, "எனக்கு மத்தியானத்துக்கு முதல் இன்னும் முப்பத்தொரு பேர். இந்த மண் அவையின்ர எண்டு எழுதியிருக்கிறியள். உண்மையோ, பொய்யோ?"

பொய் என்றால் அது முடிந்தது. அவர் பெயர் அச்சிட்ட மூன்று புத்தகத்தையும் அந்த ஒரு சொல் தின்றுவிடும். அப்படி அவர் நினைத்தார். உண்மையில் அந்த மண்டபத்தில் ஒருவரும் அந்தப் புத்தகங்களைப் பார்த்ததில்லை.

"உண்மைதான்," என்றார். "ஆனால் அதை விளங்கிக்கொள்ள வேண்டிய சட்டகம் —"

நாகேஸ்வரி எழுதிவிட்டார். 'ஆனால்' என்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

வெளியில் பத்மாசனி துவாயை உதறித் தோளில் போட்டார். "இதுக்கோ கொப்பர் உன்னைக் கொழும்புக்கு அனுப்பிப் படிப்பிச்சது?" என்றார். அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவில்லை. சாப்பாடு வைத்தார். தட்டை மேசையில் வைத்த சத்தம் அடுத்த வளவுக்குக் கேட்டது.

பேராசிரியர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் தெளிந்தார். முத்திரைப் படத்தை இணையத்தில் போட்டு, தன் மூதாதையர் நிலத்தை அதன் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாக ஆங்கிலத்தில் எழுதினார். கொடுப்பது எளிதல்ல என்று ஒரு வரி சேர்த்தார். அது மட்டும் உண்மை. அறுநூறு பேர் இதயம் போட்டார்கள். லிஃப்டில் அறை எண் சொன்னவரும் போட்டார்.

அடுத்த கிழமை நில அளவையாளர் வந்து சங்கிலி பிடித்தார். தெற்கு மூலையில் நாலு கல் நட்டார்கள். இரஞ்சிதத்தின் பெயர் வீட்டுத்திட்டப் பட்டியலில் ஏறி நின்றது. இந்த முறை இறங்கவில்லை. அத்திவாரத்துக்கு லைன் அடித்தார்கள்.

புதிய எல்லைக் கோடு கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஆறடியில் போனது. நாற்பத்தாறு வருடமாக இரஞ்சிதம் தண்ணீர் அள்ளிய கிணறு பத்மாசனியின் பக்கம் விழுந்தது. அன்று பின்னேரமே பத்மாசனி வாளியையும் கயிற்றையும் கழற்றி உள்ளே கொண்டுபோனார். மறுநாள் கிணற்றைச் சுற்றி முள்ளுக்கம்பி வந்தது. மூன்று நாள் இரஞ்சிதமும் சிவதர்சினியும் கோவில் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். மாட்டுக்கும் சுமந்தார்கள்.

பேராசிரியர் திட்டமிட்டதற்கு ஒரு கிழமை முன்னதாகக் கிளம்பினார். கொழும்புக்குப் போகிற வான் காலை பத்து மணிக்கு ஒழுங்கையில் வந்து நின்றது. பெட்டியை ஏற்றினார். இரஞ்சிதம் வந்துகொண்டிருப்பதைக் கண்டார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தார். அதை எப்படித் தன்னடக்கத்தோடு மறுப்பது என்று யோசித்தார்.

"நன்றியெல்லாம் வேண்டாம்," என்றார். "அது உங்கட உரிமை."

"ஓம் ஐயா," என்றார் இரஞ்சிதம். "கிணறு அங்கிட்டுப் போயிருச்சு. அம்மா கம்பி அடிச்சிட்டாங்க. வீடு கட்டத் தண்ணி வேணும்."

பேராசிரியர் வீட்டுப் பக்கம் பார்த்தார். குசினி யன்னல் மூடியிருந்தது.

"அது சின்னம்மாவோட கதைக்கோணும்."

"நீங்க கதைக்க வேணாங்க. எழுதிக் குடுங்க."

"இப்பவோ?"

"மேஸ்திரி நாளைக்கு வாறாரு."

"வான் நிக்குது."

"நிக்கட்டும். நீங்க நல்லா எழுதுறீங்க. உங்க எழுத்துக்குத்தான் மதிப்பு. எங்க தண்ணி, நாங்க வெட்டுன கிணறுன்னு ரெண்டு வரி. எங்கப்பாதான் வெட்டுனாரு. உங்கப்பா குடை புடிச்சிக்கிட்டு நின்னாரு."

சாரதி ஹோர்ன் அடித்தார். இரஞ்சிதம் வானின் கதவைப் பிடித்தபடி நின்றார். அவர் அவசரப்படவில்லை. அவர் வழியை மறிக்கவும் இல்லை. கதவை மட்டும் பிடித்திருந்தார்.

பேராசிரியர் பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதத் தொடங்கினார். 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று எழுதினார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டினார். 'கருதுகிறேன்' என்று எழுதினார். இரஞ்சிதம் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதையும் வெட்டினார். 'கிணறு' என்று எழுதுவதற்கு முன் குசினி யன்னலைப் பார்த்தார். எழுதிவிட்டு மீண்டும் பார்த்தார்.

வெயில் ஏறியது. சாரதி இயந்திரத்தை நிறுத்திவிட்டு நிழலுக்குப் போய் இருந்தார்.

இரண்டு வரி. ஒரு மணித்தியாலம் எடுத்தது. வாழ்க்கையில் முதன்முறையாகப் பேராசிரியர் ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எழுதினார்.